ஃப்ரெண்ட்லியில் இருக்கும் 'லி' யாருடைய உடம்பு? பழைய ஜெர்மானிய மொழிகளின் பெயரடை விகுதிகள்

#1 இரவுப்பணி (ஞாயிறு, இரவு 10:12)

எல்லோருக்கும் வணக்கம். நான் நர்ஸ். ஜெர்மனி வேலைக்காக ஜெர்மன் மொழி பி1 (நடுத்தர நிலை) வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போன வாரம் வகுப்பில் நடந்த கூத்தைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

நர்ஸும் நோயாளியும் பேசுவதுபோல் நடிக்கச் சொன்னார்கள். நெஞ்சு வலி இருக்கிறதா என்று நான் கேட்க வேண்டும். இதயத்துக்கு 'ஹெர்ட்ஸ்'. பின்னால் '-லிஹ்' சேர்த்தால் பெயரடை ஆகிவிடும் என்று முந்தின நாள்தான் படித்திருந்தேன். தைரியமாக, "உங்களுக்கு ஹெர்ட்ஸ்லிஹ் வலி இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டேன். 'உங்களுக்கு மனமார்ந்த வலி இருக்கிறதா?' என்று அர்த்தமாம். ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதோடு விட்டேனா, ஒரு குழந்தை வரைந்த படத்தைப் பாராட்டுவதாக நினைத்து 'கிண்டிஷ்' என்றேன். அது திட்டு, சிறுபிள்ளைத்தனம் என்று பொருள். 'கிண்ட்லிஹ்' என்று சொல்லியிருக்க வேண்டுமாம்.

-லிஹ், -இஷ், -இக், -பார், -ஸாம், -ஹாஃப்ட், -லோஸ். நமக்கு 'ஆன' என்று ஒன்றைப் போட்டால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது. இவர்களுக்கு எதற்கு இத்தனை? எங்கிருந்து வந்தன? மனப்பாடம் செய்து அலுத்துவிட்டது, கதை தெரிந்தால் மனதில் நிற்கும் என்று கேட்கிறேன்.

#2 ரயில்பயணி (ஞாயிறு, இரவு 10:20)

மனமார்ந்த வலி எனக்கு மாதக் கடைசியில் வரும் சிஸ்டர். தூண் ஓரமாக உட்கார்ந்து இந்த இழையைப் படிக்கிறேன்.

#3 ஏட்டுச்சுவடி (ஞாயிறு, இரவு 11:05)

நல்ல கேள்வி அம்மா. நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய ஆங்கிலம் என் பொழுதுபோக்கு. தெரிந்த அளவில் சொல்கிறேன். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் காட்ட முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களைக் கவிழ்த்த -லிஹ்ஹிலிருந்தே தொடங்கலாம். ஜெர்மனில் -லிஹ், டச்சில் -லெக், பழைய நோர்ஸில் -லிக்ர், பழைய ஆங்கிலத்தில் -லிச், இன்றைய ஆங்கிலத்தில் -லி. எல்லாம் ஒன்றே. இவற்றுக்கெல்லாம் தாயான தொல்ஜெர்மானியத்தில் 'லீக' என்று ஒரு பெயர்ச்சொல் இருந்தது. பொருள் உடம்பு, உருவம். 'நண்பனின் உருவம் கொண்ட', அதாவது நண்பனைப் போன்ற. அதுதான் ஃப்ரெண்ட்லி.

பழைய ஆங்கிலத்தில் 'லீச்' தனிச் சொல்லாகவும் இருந்தது, உடம்பு என்றும் பிணம் என்றும் பொருள்பட. இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் கல்லறைத் தோட்டத்து வாசலில் கூரை போட்ட நுழைவாயில் ஒன்று இருக்கும். சவப்பெட்டியைக் கொண்டுவருபவர்கள் பாதிரியார் வரும்வரை அங்கே நிற்பார்கள். அதன் பெயர் 'லிச்-கேட்'. அந்த லிச்சும் ஃப்ரெண்ட்லியின் லியும் ஒரே சொல். 'லைக்' என்றால் 'போல' என்று படிக்கிறோமே, அதுவும் இதே. அதன் பழைய வடிவம் 'யெலீச்', 'ஒத்த உடம்புடைய' என்று பொருள். முன்னால் இருந்த 'யெ' தேய்ந்து போனது.

இன்னும் இருக்கிறது. விச் (எந்த), பழைய ஆங்கிலத்தில் 'ஹ்வில்ச்', 'என்ன உருவம் கொண்ட'. நம் 'எத்தகைய' மாதிரி. சச், 'ஸ்வில்ச்', 'அப்படி உருவம் கொண்ட', அத்தகைய. ஜெர்மனில் வெல்ஹ், ஸோல்ஹ். அந்த உடம்பு தேய்ந்து தேய்ந்து ஒரு 'ச்' அளவுக்கு வந்துவிட்டது.

#4 ஒஸ்லோக்காரன் (திங்கள், அதிகாலை 2:31)

ஐயா சொன்னதுக்கு ஒரு சாட்சி. நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருசமாக நோர்வே. இங்கே இன்றைக்கும் 'லீக்' என்றால் பிணம். 'லீக்' என்றால் ஒத்த, ஒரே மாதிரியான என்றும் பொருள். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா என் இரண்டு பிள்ளைகளையும் பார்த்து "லீக், லீக்" என்று சொன்னா. நான் அகராதியைத் திறந்து பார்த்தேன், முதல் பொருளாகப் பிணம் என்று கிடந்தது. வீட்டில் ஒரு சின்னப் பிரளயம். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே சாயல் எண்டு சொல்லியிருக்கிறா, பாவம்.

அக்கா, என் கருத்து இதுதான்: ஒவ்வொரு விகுதியும் ஒரு காலத்தில் முழுச் சொல்லாகத்தான் இருந்தது. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தால் பொருள் பிடிபடும்.

#5 ரயில்பயணி (திங்கள், காலை 7:50)

பிரெஞ்சுக்காரர்கள் வினையடைக்கு '-மான்' போடுவார்களே, அது லத்தீனில் 'மனது' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று எங்கோ படித்தேன். 'மெதுவான மனதோடு' என்றால் மெதுவாக. அப்படியானால் அவர்கள் மனதால் செய்வதை ஆங்கிலேயர்கள் உடம்பால் செய்கிறார்கள். வண்டி தாம்பரம் வந்துவிட்டது.

#6 நூலகப்பூனை (திங்கள், மதியம் 1:15)

ரயில்பயணி சொன்னது சரிதான். ஒஸ்லோக்காரன் சொன்னதில் பாதிதான் சரி. 'ஒவ்வொரு விகுதியும்' என்பதுதான் இடிக்கிறது.

ஜெர்மானிய மொழிகளில் நீளமான நூலாக நமக்குக் கிடைக்கும் பழைய சான்று, கோத் இன மக்களின் மொழியான கோத்திக்கில் உள்ள பைபிள். 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பேராயர் கிரேக்கத்திலிருந்து பெயர்த்தது. ஊதாச் சாயம் ஏற்றிய தோலில் வெள்ளி மையால் எழுதிய பிரதி ஒன்று சுவீடனின் உப்சாலாவில் இருக்கிறது. 336 ஏடுகளில் 188 மிஞ்சின. அதில் ஒரு ஏடு 1970-இல்தான் ஜெர்மனியின் ஷ்பையர் தேவாலயத்தில் கிடைத்தது.

அதில் யோவான் 6:9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பையனிடம் ஐந்து வாற்கோதுமை அப்பங்கள் இருக்கும் இடம். கோத்திக்கில் 'ஹ்லைபன்ஸ் பரிஸீனன்ஸ்'. ஹ்லைப் என்பது ஆங்கில 'லோஃப்'. 'பரிஸ்' வாற்கோதுமை. நடுவில் வரும் 'ஈன்' தான் விகுதி, 'இன்னதால் செய்த' என்று பொருள். கடைசியில் உள்ள 'அன்ஸ்' பன்மை வேற்றுமை உருபு. அதற்கு நேரான கிரேக்க மூலம் 'ஆர்டூஸ் க்ரிதினூஸ்'. க்ரிதே வாற்கோதுமை, அதோடு 'இன்'. வுல்ஃபிலா கிரேக்க விகுதியைக் கடன் வாங்கவில்லை. அவர் மொழியிலேயே அதன் சித்தப்பா மகன் இருந்தது. லத்தீன் -ஈனுஸும் அதே குடும்பம்.

இந்த 'ஈன்' எந்தச் சொல்லிலிருந்து வந்தது? எந்தச் சொல்லும் கையில் இல்லை. கிரேக்கம், லத்தீன், ஜெர்மானியம் எல்லாம் பிரிவதற்கு முன்பே அது விகுதியாகத்தான் இருந்தது. -இஸ்க், -அக்/-ஈக் இரண்டும் அப்படித்தான். ரஷ்ய ஊர்ப் பெயர்களிலும் குடும்பப் பெயர்களிலும் வரும் -ஸ்கி, இந்த -இஸ்க்கின் உறவு.

ஆக இரண்டு தலைமுறை. பாட்டன் சொத்தாக வந்தவை -ஈன், -இஸ்க், -அக், -ஈக். ஜெர்மானியர்கள் தாமே சொல்லைத் தேய்த்துச் செய்தவை -லிஹ், -லோஸ், -ஸாம், -பார், -ஹாஃப்ட். இரண்டாவது வகை கோத்திக்கில் இன்னும் இளசு. -லீக்ஸ் என்று முடியும் சொற்கள் அதில் ஒரு கைப்பிடிதான். பழைய ஆங்கிலத்துக்கும் பழைய உயர் ஜெர்மனுக்கும் வந்தால் எங்கு திரும்பினாலும் அதுதான்.

#7 தமிழேமூலம் (திங்கள், மாலை 6:02)

-பார் என்பது நம் பாரம் அல்லவா? டாங்க்பார் என்றால் நன்றி பாரம் உடையவன். எல்லாம் தமிழிலிருந்து போனது. ஆதாரம் கண்முன்னால் இருக்கிறது, பார்க்க மனம்தான் வேண்டும்.

#8 நூலகப்பூனை (திங்கள், இரவு 8:40)

வழக்கமாக உங்களோடு சண்டை போடுவேன். இன்று பாதி ஒத்துப்போகிறேன், தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

-பார், பழைய உயர் ஜெர்மனில் -பாரி, பழைய ஆங்கிலத்தில் -பேரெ. 'பெரன்' (சுமத்தல்) என்ற வினையிலிருந்து வந்தது. ஃப்ருஹ்ட்பார், பழம் சுமக்கிற. டாங்க்பார், நன்றி சுமக்கிற. உண்மையில் 'பாரம்' இதற்குச் சொந்தம்தான். ஆனால் பாரம் நமக்கு சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல். அங்கே 'பர்' என்ற வேருக்குச் சுமத்தல் என்று பொருள். ஆங்கில 'பேர்', ஜெர்மன் '-பார்', சமஸ்கிருத 'பாரம்' மூன்றும் ஒரு வேர். தமிழ் அந்த வீட்டு விருந்தாளி.

சுமப்பவன் கதை அப்புறம் சுவாரசியமானது. முதலில் பெயர்ச்சொல்லோடுதான் சேர்ந்தது. போகப் போக வினையோடு ஒட்டி 'முடியும்' என்ற பொருளுக்குத் தாவிவிட்டது. எஸ்பார் (சாப்பிடக்கூடிய), ட்ரிங்க்பார் (குடிக்கக்கூடிய). ஆங்கிலத்தில் -பேரெ செத்தே போனது. அந்த நாற்காலியில் பிரெஞ்சு -ஏபிள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒலி கொஞ்சம் ஒத்திருக்கிறதே என்று -பாரையும் -ஏபிளையும் முடிச்சுப் போடாதீர்கள், சம்பந்தமே இல்லை.

#9 ரயில்பயணி (செவ்வாய், காலை 8:03)

-லோஸும் ஆங்கில -லெஸ்ஸும் எனக்குப் புரிகிறது. லெஸ் என்றால் குறைவு. ஃபியர்லெஸ், பயம் குறைவு. இதற்கு நூலகம் தேவையில்லை.

#10 ஏட்டுச்சுவடி (செவ்வாய், காலை 10:30)

தம்பி, எல்லோரும் விழுகிற குழியில்தான் விழுந்திருக்கிறீர்கள். 'குறைவு' என்ற லெஸ் வேறு. அது பழைய ஆங்கிலத்தில் 'லேஸ்ஸ'. விகுதி -லெஸ் 'லேஆஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நீங்கிய, இல்லாத என்று பொருள். லூஸ் (இழத்தல்), லூஸ் (தளர்ந்த) இரண்டும் அந்தக் குடும்பம். கோத்திக்கில் 'குதலாஸ்', கடவுளற்ற. 'அக்ரனலாஸ்', கனியற்ற. அந்த 'அற்ற' இருக்கிறதே, அறு, அறுத்தல். நாமும் ஒரு வினையைத்தான் தேய்த்து விகுதிபோல் வைத்திருக்கிறோம். லேஆஸ் தனியாக நின்றால் பொய்யான என்றும் பொருள். உண்மை நீங்கியது பொய்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. டூஃபோல்ட், ஜெர்மன் -ஃபால்ட், கோத்திக்கில் 'ஐன்ஃபல்த்ஸ்' (ஒற்றை மடிப்பு, அதனால் எளிய). ஃபோல்ட் என்றால் மடிப்பு. நாம் இருமடங்கு, மும்மடங்கு என்கிறோம். மடங்கு, மடங்குதல். ஒருவர் இன்னொருவரைப் பார்த்து எழுதியதில்லை. துணியை மடித்தவன் எவனுக்கும் தோன்றக்கூடியது.

ஆங்கில -ஸம் (ஜெர்மன் -ஸாம்): அந்தந்தக் குணத்தோடு ஒன்றிய என்ற பொருள், 'ஸேம்' என்ற சொல்லின் உறவு. ஹேண்ட்ஸம் என்றால் முதலில் கையாள எளிதானது என்றுதான் அர்த்தம். அழகு பிறகு வந்தது.

#11 இரவுப்பணி (செவ்வாய், இரவு 11:48)

ட்யூட்டி இடைவேளையில் எழுதுகிறேன். டீ ஆறிப்போயிற்று, பரவாயில்லை. இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

ஒரு சந்தேகம். மாஹ்ட் (வலிமை) என்பதோடு -இக் சேர்த்தால் மெஹ்டிக், மேலே இரண்டு புள்ளி வைத்து 'ஆ' மாறுகிறது. ப்ளூட் (இரத்தம்) என்பதோடு அதே -இக் சேர்த்தால் ப்ளூட்டிக், புள்ளியே இல்லை. ஆசிரியையிடம் கேட்டால் 'அப்படித்தான், மனப்பாடம் செய்யுங்கள்' என்கிறார். நான் ரத்தத்தோடு தினமும் வேலை செய்கிறவள், அதற்கு மட்டும் என்ன சலுகை?

#12 நூலகப்பூனை (புதன், காலை 6:20)

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு பி2 கொடுக்கலாம்.

இன்று இரண்டிலும் -இக் ஒன்றுபோல் தெரிகிறது. ஆயிரத்து நூறு வருடம் முன்னால் இரண்டு தனி விகுதிகள். பழைய உயர் ஜெர்மனில் 'மஹ்தீக்', ஆனால் 'ப்ளுவோடக்'. ஒன்றில் ஈ, மற்றதில் அ. பின்னால் வரும் இ, ஈ தனக்கு முன்னால் இருக்கும் உயிரைத் தன் பக்கம், வாயின் முன்புறம் இழுக்கும். அதனால் மாஹ்ட், மெஹ்டிக் ஆனது. அ அப்படி இழுக்காது. ப்ளூட் தப்பித்தது. பிறகு கடைசி அசைகள் தேய்ந்து இரண்டும் -இக் ஆகிவிட்டன. ஆள் மாறிவிட்டான், அவன் போட்ட காயம் மட்டும் சொல்லின் நடுவில் புள்ளியாக நிற்கிறது.

இது நமக்கு அந்நியமே இல்லை. குடம் என்று எழுதிவிட்டு கொடம் என்கிறோம். உடம்பு, ஒடம்பு. உலகம், ஒலகம். அடுத்த அசையில் 'அ' வந்தால் உ, ஒ ஆக இறங்குகிறது. அதே உ, பின்னால் இ வந்தால் அசையாமல் நிற்கிறது. குடியைக் கொடி என்று யாராவது சொல்வார்களா? புலி, புலிதான்.

இப்போது தங்கத்தைப் பாருங்கள். தொல்ஜெர்மானியத்தில் 'குல்த' என்பதுபோல் ஒரு சொல், கடைசியில் அ. கோத்திக்கில் 'குல்த்', உ அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அந்த அ, உ-வை ஒ ஆக இறக்கி கோல்ட் ஆக்கியது. நம் குடம் கொடம் ஆன அதே வேலை. ஆனால் தங்கத்தாலான என்று சொல்ல -ஈன் சேர்த்தார்கள். இங்கே அ இல்லை, ஈ. ஆகவே உ இறங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஈ அதை முன்னால் இழுத்து, பழைய ஆங்கிலத்தில் 'க்யுல்டென்' ஆக்கியது. அப்பன் பெயர் கோல்ட், பிள்ளை பெயர் க்யுல்டென். பிற்கால ஆங்கிலேயர்களுக்கு இந்த முகச்சாயல் வேறுபாடு பிடிக்கவில்லை போலும், கோல்டிலிருந்து புதிதாக கோல்டன் செய்துகொண்டார்கள்.

#13 ஏட்டுச்சுவடி (புதன், காலை 9:10)

குடம், கொடம்! நாற்பது வருடம் வகுப்பில் 'கொடம் என்று சொல்லாதே' என்று பிள்ளைகளைத் திருத்தினேன். இப்படி ஒரு விதி இருக்கிறது என்று அப்போது தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைவாகத் திட்டியிருப்பேன்.

#14 ஒஸ்லோக்காரன் (வியாழன், அதிகாலை 1:05)

பூனை, நான் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. -ஈனுக்கும் -இஸ்க்குக்கும் சொல் கிடைக்கவில்லை என்றால், இல்லை என்று அர்த்தமா? நமக்கு எட்டாத பழைய காலத்தில் அவையும் சொல்லாக இருந்திருக்கும்தானே?

#15 நூலகப்பூனை (வியாழன், காலை 7:44)

இருந்திருக்கலாம். ஆனால் 'இருந்திருக்கும்' என்பதை வைத்துப் பொருள் சொல்ல முடியாது. லீக் உங்கள் ஊரில் இன்றும் பிணமாகக் கிடக்கிறது, காட்டலாம். -இஸ்க்குக்குக் காட்ட உடம்பு இல்லை. அங்கே நிறுத்திக்கொள்வது என் பழக்கம்.

#16 இரவுப்பணி (வியாழன், மாலை 5:30)

சண்டை போட்டாலும் அழகாகப் போடுகிறீர்கள். என் கிண்டிஷ் பஞ்சாயத்து மட்டும் பாக்கி.

#17 ஏட்டுச்சுவடி (வியாழன், இரவு 9:15)

-இஷ், பழைய -இஸ்க், முதலில் வசைச் சொல் இல்லை அம்மா. 'இன்னாருக்கு உரிய', 'இன்ன இனத்தவரான' என்பதுதான். கோத்திக்கில் 'மன்னிஸ்க்ஸ்', மனிதருக்குரிய. ஜெர்மனில் ஆளைக் குறிக்கும் 'மென்ஷ்' இருக்கிறதே, அது பெயரடையாகப் பிறந்து பெயர்ச்சொல்லாக வளர்ந்தது. உயிர் அ, எ ஆனது எப்படி என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இன ஊர்ப் பெயர்களில் இதன் ஆட்சிதான். இங்லிஷ். ஃப்ராங்க்கிலிருந்து 'ஃப்ரென்சிஸ்க்', அதுதான் ஃப்ரெஞ்ச். டாய்ட்ஷ் என்ற சொல்லே 'தெஉதா' (மக்கள்) என்பதோடு -இஸ்க், மக்களுடைய பேச்சு. லத்தீன் வடிவில் அது முதலில் தலைகாட்டுவது 786-இல். இங்கிலாந்தில் நடந்த திருச்சபைக் கூட்டங்களைப் பற்றி ஓஸ்டியா பேராயர் ஜார்ஜ் போப்பாண்டவருக்கு அனுப்பிய அறிக்கையில், தீர்மானங்களை லத்தீனிலும் 'தியோடிஸ்கெ'யிலும் வாசித்ததாக வருகிறது. வேடிக்கை என்னவென்றால் அங்கே அது குறிப்பது ஜெர்மனை அல்ல, இங்கிலாந்து மக்களின் பேச்சை. அதே -இஸ்க்கை 'வெயல்ஹ்' (அந்நியன்) என்பதோடு சேர்த்தால் வெல்ஷ். வேல்ஸ்காரர்கள் சொந்த ஊரில் இருந்தார்கள், வந்தேறி அவர்களை அந்நியன் என்றான். அந்தப் பெயர் நிலைத்தும் விட்டது.

பழைய உயர் ஜெர்மனில் 'கிண்டிஸ்க்' என்றால் இளமையான, அவ்வளவுதான். ஆங்கில 'சர்லிஷ்' இன்று முரட்டுத்தனமான. முன்பு 'சியோர்ல்' என்ற சாதாரணக் குடியானவனுக்குரிய என்ற சட்டச் சொல். ஒரே வேலைக்கு -லிஹ், -இஷ் என இரண்டு பேர் வந்துவிட்டதால் ஜெர்மன் வேலையைப் பிரித்துக் கொடுத்தது: நல்லதற்கு கிண்ட்லிஹ், கெட்டதற்கு கிண்டிஷ். வைப்லிஹ் (பெண்மையான), வைபிஷ் (பெண்தனமான என்ற ஏளனம்) ஜோடியும் அப்படியே. ஆங்கிலம் சைல்டிஷுக்கு எதிராக சைல்ட்லைக் வைத்துக்கொண்டது. அதன் லைக் யார்? -லி ஆகித் தேய்ந்த அதே உடம்பு, இரண்டாம் முறை வேலைக்கு வந்திருக்கிறது.

அப்புறம் பார்லி. பழைய ஆங்கிலத்தில் 'பேர்லிச்', வாற்கோதுமை சம்பந்தமான. பூனையின் அப்பத்தில் -ஈன் போட்ட இடத்தில் இவர்கள் -லிச் போட்டார்கள். பிறகு பெயரடையே தானியத்தின் பெயராகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்லி கஞ்சி கொடுக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

#18 ரயில்பயணி (வெள்ளி, காலை 8:11)

உடம்பு சரியில்லாதவருக்கு உடம்பு ஒட்டிய கஞ்சி.

#19 இரவுப்பணி (சனி, மதியம் 2:40)

இன்று வகுப்பில் ஒருவர் கேட்டார்: மரத்துக்கு ஹோல்ட்ஸ், ஆனால் மரத்தாலான என்பதற்கு ஹொல்ட்ஸெர்ன் ஏன், நடுவில் 'எர்' எங்கிருந்து வந்தது? ஆசிரியை என்னைப் பார்த்தார். எனக்கு -ஈன் வரைக்கும் தெரிந்தது, 'எர்' தெரியவில்லை. பூனை, உடனே வரவும்.

#20 நூலகப்பூனை (சனி, மதியம் 3:02)

ஸில்பர் (வெள்ளி), குப்ஃபர் (செம்பு), லேடர் (தோல்). இவற்றுக்கு 'எர்' சொந்தம். பழைய -ஈன் தேய்ந்து வெறும் 'ன்' ஆனபோது ஸில்பர்ன், குப்ஃபர்ன், லேடர்ன் ஆயின. கேட்டவர்கள் வெட்ட வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, விகுதியே 'எர்ன்' என்று எடுத்துக்கொண்டார்கள். அதைக் கொண்டுபோய் மரத்திலும் கண்ணாடியிலும் ஒட்டிவிட்டார்கள். ஹொல்ட்ஸெர்னில் இருக்கும் 'எர்' வெள்ளியிடம் திருடியது.

#21 இரவுப்பணி (சனி, மாலை 6:25)

சொல்லிவிட்டேன். ஆசிரியை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் ஒரு ஜெர்மன் சாக்லேட்டைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். உறையில் 'ஹால்ட்பார் பிஸ்' என்று ஒரு தேதி, இதுவரை கெடாமல் தாங்கும் என்று. தேதி போன மாதத்தோடு முடிந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டேன்.